எச்-1பி விசா: மார்ச் குலுக்கலுக்கு முன்பே எடுக்க வேண்டிய முடிவுகள்

புது தில்லி: அமெரிக்காவில் பணிபுரிய விரும்பும் இந்தியத் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு மார்ச் மாதம் என்றாலே எச்-1பி குலுக்கல்தான் நினைவுக்கு வரும். 2027ஆம் நிதியாண்டுக்கான மின்னணுப் பதிவு, 2026 மார்ச் 4ஆம் தேதி தொடங்கி 19ஆம் தேதி நிறைவடைகிறது. பதிவுக் காலம் வழக்கம்போல் வந்தாலும், குலுக்கலின் தன்மையும் அதற்குப் பிந்தைய செலவும் முற்றிலும் மாறிவிட்டன.

முதல் மாற்றம், 2025 செப்டம்பர் 19ஆம் தேதி அதிபர் டொனால்ட் டிரம்ப் வெளியிட்ட பிரகடனம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்காகப் புதிதாகத் தாக்கல் செய்யப்படும் எச்-1பி மனுவுடன் 1 லட்சம் டாலர் செலுத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய மதிப்பில் இத்தொகை ஏறத்தாழ 88 லட்சம் ரூபாய். இரண்டாவது மாற்றம், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்துள்ள புதிய தேர்வு முறை. 2026 பிப்ரவரி 27ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வரும் இம்முறையில், அனைவருக்கும் சம வாய்ப்பு என்ற பழைய குலுக்கல் கைவிடப்பட்டு, ஊதியம் கூடினால் வாய்ப்பும் கூடும் என்ற நிலை உருவாகியுள்ளது.

இவ்விரு மாற்றங்களும் சேர்ந்து, முடிவெடுக்க வேண்டிய தருணத்தைப் பல மாதங்கள் முன்னுக்குத் தள்ளியுள்ளன. குலுக்கலில் பெயர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற அணுகுமுறை இனிப் பயன் தராது. ஆனால், இதில் ஓர் அடிப்படை முரண்பாடு இருக்கிறது. விசாவுக்கான மனு நிறுவனத்துக்கு உரியது; அதன் விளைவை வாழ்க்கையில் சுமப்பவர் பணியாளர். அவர் எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும், இறுதி முடிவு அவர் கையில் இல்லை.

இந்தியர்களுக்கு ஏன் முக்கியம்?

1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் வழியே இன்றைய வடிவத்தைப் பெற்ற எச்-1பி விசாவுக்கு, ஆண்டுதோறும் 65,000 என்ற பொது உச்சவரம்பு உள்ளது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பல்கலைக்கழகங்களும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களும் இந்த உச்சவரம்புக்குள் வருவதில்லை.

2024ஆம் நிதியாண்டில் அனுமதிக்கப்பட்ட எச்-1பி மனுக்களில், புதுப்பித்தல்களும் உள்பட, 71 சதவீதம் இந்தியாவில் பிறந்தவர்களுக்கானவை. அடுத்த இடத்தில் இருந்த சீனாவின் பங்கு 12 சதவீதத்துக்கும் குறைவு. எனவே, இத்திட்டத்தில் செய்யப்படும் எந்த மாற்றமும் முதலில் இந்தியக் குடும்பங்களையே தொடுகிறது. பிரகடனம் வெளியான மறுநாளே, குடும்பங்களுக்கு ஏற்படும் இடையூறால் மனிதாபிமான அடிப்படையிலான பாதிப்புகள் நேரக்கூடும் என்று வெளியுறவு அமைச்சகம் கவலை தெரிவித்தது இதனால்தான்.

இருமுனை நெருக்கடி

புதிய விதிகள் இரு வேறு பிரிவினரை இரு வேறு வகைகளில் நெருக்குகின்றன.

முதல் பிரிவினர், இந்தியாவில் இருந்தபடியே வாய்ப்பை எதிர்நோக்கும் அனுபவசாலிகள். ஹைதராபாத்திலோ சென்னையிலோ ஆறேழு ஆண்டுகள் பணியாற்றிய மென்பொருள் பொறியாளர் ஒருவரை அமெரிக்க நிறுவனம் தேர்ந்தெடுத்துவிட்டதாகக் கொண்டால், அவருக்கு நல்ல ஊதியம் தரப்படுவதால் குலுக்கலில் வாய்ப்பு கூடும். ஆனால், தேர்வான பின் அவருக்காக நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருக்கும். பலரது விஷயத்தில் அது அவர்களது ஓராண்டு ஊதியத்துக்கு நெருக்கமான தொகை.

இரண்டாம் பிரிவினர், அமெரிக்காவில் படித்து முடித்த இந்திய மாணவர்கள். 2024-25 கல்வியாண்டில் அங்கு 3.63 லட்சம் இந்திய மாணவர்கள் இருந்தனர். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். அமெரிக்காவுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து எச்-1பி தகுதிக்கு மாறுவோருக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் பொருந்தாது என்று அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறை 2025 அக்டோபர் 20ஆம் தேதி விளக்கம் அளித்தது. அது இவர்களுக்கு ஆறுதல். ஆனால், படிப்பை முடித்து முதல் வேலையில் சேருவோரின் ஊதியம் பெரும்பாலும் கீழ்நிலைகளிலேயே அமைவதால், புதிய தேர்வு முறையில் இவர்களது வாய்ப்பு சுருங்குகிறது.

அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு ஊதிய நிலைகளை வகுத்துள்ளது. நான்காம் நிலை ஊதியம் பெறுவோரின் பெயர் குலுக்கலில் நான்கு முறையும், மூன்றாம் நிலையினரின் பெயர் மூன்று முறையும், இரண்டாம் நிலையினரின் பெயர் இரு முறையும், முதல் நிலையினரின் பெயர் ஒரே முறையும் இடம்பெறும். இதற்கான முன்மொழிவில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அளித்த மதிப்பீட்டின்படி, நான்காம் நிலையினர் தேர்வாகும் வாய்ப்பு சுமார் 61 சதவீதம். முதல் நிலையினருக்கு அது சுமார் 15 சதவீதம் மட்டுமே.

அதாவது, அனுபவம் உள்ளவருக்குக் குலுக்கல் சாதகம், கட்டணம் பாதகம். புதிய பட்டதாரிக்குக் கட்டணம் இல்லை, குலுக்கல் பாதகம். இரு தடைகளும் ஒருசேரத் தாக்குவது, இந்தியாவில் இருந்து குறைந்த அனுபவத்துடன் விண்ணப்பிக்க நினைப்பவர்களைத்தான்.

நாட்காட்டியும் கட்டணமும்

எச்-1பி நடைமுறையைப் புரிந்துகொள்ள அதன் நாட்காட்டியைப் பின்னிருந்து படிப்பதே எளிது. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. தேர்வானவர் அன்று பணியில் சேர வேண்டுமானால், ஏப்ரல் 1ஆம் தேதி முதல் குறைந்தது 90 நாள்களுக்குத் திறந்திருக்கும் காலத்துக்குள் முழு மனு தாக்கலாக வேண்டும். அதற்கு முன் தொழிலாளர் துறையிடம் ஊதியம், பணியிடம் குறித்த நிபந்தனைச் சான்று பெற வேண்டும். அதற்கு ஏழு வேலை நாள்கள் ஆகும். குலுக்கல் முடிவு மார்ச் மாத இறுதிக்குள் தெரிந்துவிடும். எனவே, யாரைப் பதிவு செய்வது, எந்தப் பதவிக்கு, எந்த ஊரில், எவ்வளவு ஊதியத்தில் என்பவை பிப்ரவரிக்குள் முடிவாகியிருக்க வேண்டும்.

முன்பெல்லாம் பதிவின்போது ஊதிய விவரம் பெரிதாகக் கருதப்படவில்லை. இப்போது அதுவே வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. ஒரே தொகை ஒரு பெருநகரில் இரண்டாம் நிலையாகவும், வாழ்க்கைச் செலவு குறைந்த ஊரில் மூன்றாம் அல்லது நான்காம் நிலையாகவும் கணக்கிடப்படலாம். ஆகவே, பணியிடம் எது என்ற கேள்வியும் ஊதியப் பேச்சும் மார்ச் மாதத்துக்கு முன்பே நடந்து முடிய வேண்டும். அதேவேளையில், குலுக்கலுக்காக உயர்ந்த ஊதியத்தைக் காட்டிவிட்டுப் பின்னர் குறைத்தால் மனு நிராகரிக்கப்படவோ, வழங்கிய அனுமதி திரும்பப் பெறப்படவோ புதிய விதி இடமளிக்கிறது.

ஒருவருக்காக ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பதிவு செய்வதற்குத் தடையில்லை. ஆனால் அவை உண்மையான வேலைவாய்ப்புகளாக இருக்க வேண்டும். 2024ஆம் நிதியாண்டுக்கு வந்த 7.8 லட்சம் பதிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, ஒருவருக்கே பல நிறுவனங்கள் செய்த பதிவுகள். அதன் பிறகு, பதிவுகளை அல்லாமல் நபர்களை எண்ணித் தேர்வு செய்யும் முறை வந்தது. 2026ஆம் நிதியாண்டில் தகுதியான பதிவுகள் 3.44 லட்சமாகக் குறைந்தன. புதிய முறையிலோ, பல நிறுவனங்கள் பதிவு செய்தால் அவற்றில் மிகக் குறைந்த ஊதிய நிலையே அந்த நபருக்குக் கணக்கிடப்படும். கூடுதல் பாதுகாப்புக்கு என்று சேர்க்கப்படும் இரண்டாவது பதிவு, முதல் பதிவின் பயனையே கெடுத்துவிடக்கூடும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி

பதிவுக் கட்டணம் 215 டாலர் மட்டுமே. 1 லட்சம் டாலரைச் செலுத்த வேண்டியது பதிவின்போது அல்ல; தேர்வான பிறகு, மனுவைத் தாக்கல் செய்வதற்கு முன். இந்த இடைவெளியில்தான் பணியாளருக்கான இடர் ஒளிந்திருக்கிறது. சிறு தொகையில் பலரைப் பதிவு செய்துவிட்டு, தேர்வானவர்களில் யாருக்குப் பெருந்தொகை கட்டுவது என்று நிறுவனம் பின்னர் முடிவு செய்யலாம். குலுக்கலில் வென்றும் மனு தாக்கலாகாமல் போக வாய்ப்புண்டு.

ஆகவே, இந்தியாவில் இருந்து பதிவு செய்யப்படும் ஒருவர் தம் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் பெயரைப் பதிவு செய்வீர்களா என்பதல்ல. தேர்வானால் கட்டணத்தைச் செலுத்தி மனுவைத் தாக்கல் செய்வீர்களா என்பதே. அதற்கான பதிலை எழுத்து வடிவில் பெறுவது நல்லது. பதில் தெளிவற்றதாக இருந்தால், அதை நம்பி இங்குள்ள வேலையை விடுவதோ, வீட்டைக் காலி செய்வதோ, குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போடுவதோ கூடாது.

இத்தொகையைப் பணியாளரே ஏற்க வேண்டும் என்றோ, ஊதியத்தில் பிடித்துக்கொள்வோம் என்றோ யாரேனும் கூறினால் அது எச்சரிக்கை மணி. எச்-1பி மனுவுக்கான செலவு பணியமர்த்தும் நிறுவனத்தின் வணிகச் செலவு என்பதே அமெரிக்கத் தொழிலாளர் துறையின் அணுகுமுறை. இந்தியாவில் உள்ள முகவர் எவருக்கும் பணம் கொடுத்துக் குலுக்கல் வாய்ப்பைக் கூட்ட முடியாது. அப்படி ஒரு வழி சட்டத்தில் இல்லை.

பிரகடனம் 12 மாதங்களுக்கானது. நீட்டிக்கப்படாவிட்டால் 2026 செப்டம்பர் 21ஆம் தேதியுடன் காலாவதியாகும். ஆனால், மார்ச் குலுக்கலில் தேர்வாவோரின் மனுக்கள் ஏப்ரலில் தொடங்கி ஜூன் மாத இறுதிவாக்கில் தாக்கலாகிவிட வேண்டும் என்பதால், இவ்வாண்டு விண்ணப்பதாரர்களுக்கு அந்தக் காலாவதித் தேதியால் பயனில்லை. குலுக்கல் முடிந்த 30 நாள்களுக்குள், பிரகடனத்தை நீட்டிப்பது குறித்து அதிகாரிகள் அதிபருக்குப் பரிந்துரை அளிக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. கட்டணத்தை எதிர்த்து அமெரிக்க வர்த்தக சபை தொடர்ந்த வழக்கில், வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் 2025 டிசம்பர் 23ஆம் தேதி அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டுள்ளது. நீதிமன்றம் காப்பாற்றும் என்ற எதிர்பார்ப்பில் திட்டமிடுவது இப்போதைக்குப் பாதுகாப்பானதல்ல.

பணியாளர் கையில் உள்ளவை

நிறுவனத்தின் முடிவு பணியாளர் கையில் இல்லை என்றாலும், ஆவணங்கள் அவர் கையில்தான் உள்ளன. பதிவுக்குச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு கட்டாயம்; அதே எண்ணே மனுவிலும் தொடர வேண்டும். காலாவதியாகும் நிலையில் உள்ள கடவுச்சீட்டைப் பதிவுக்கு முன்பே புதுப்பித்துவிடுவது பின்னால் வரும் விளக்கக் கடிதங்களைத் தவிர்க்கும்.

தென்னிந்தியர்கள், குறிப்பாகத் தமிழர்கள், பெயர் விஷயத்தில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியுள்ளது. மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்துடனும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிவாக்கப்பட்டும், பணிச் சான்றிதழில் வேறொரு வடிவிலும் இருக்கும் பெயர், ஒருவரே என்று நிரூபிக்க வேண்டிய சுமையை ஏற்படுத்துகிறது. அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளலாம்.

மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மற்றொரு தடை உண்டு. அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்கு நிகர் என்று காட்ட, குறையும் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் மூன்றாண்டுப் பணி அனுபவத்தைச் சமமாகக் கருத விதி இடமளிக்கிறது. அதற்கு முந்தைய நிறுவனங்களில் செய்த பணியின் தன்மையை விவரிக்கும் கடிதங்கள் தேவை. மூடப்பட்ட அல்லது பெயர் மாறிய நிறுவனத்திடமிருந்து ஏப்ரல் மாத நெருக்கடியில் கடிதம் பெறுவது எளிதன்று.

அனுமதிக்குப் பிறகும் காத்திருப்பு

மனு ஏற்கப்பட்டுவிட்டால் விசா கிடைத்துவிட்டதாகப் பொருளல்ல. 2025 செப்டம்பர் முதல் நேர்காணல் விலக்கு பெருமளவு நீக்கப்பட்டுள்ளது. சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டுள்ளது. டிசம்பர் 15ஆம் தேதி முதல், எச்-1பி விண்ணப்பதாரர்களும் அவர்களைச் சார்ந்தோரும் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை அனைவரும் பார்க்கும் வகையில் திறந்து வைக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அதையொட்டி, இந்தியாவில் டிசம்பருக்குக் குறிக்கப்பட்டிருந்த பல நேர்காணல்கள் 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பின்னரும் தள்ளிவைக்கப்பட்டன. விடுமுறைக்கும் திருமணத்துக்கும் ஊருக்கு வந்தவர்கள், வேலை அமெரிக்காவில் இருக்க, இங்கே சிக்கிக்கொண்டனர். அமெரிக்காவில் உள்ள எச்-1பி பணியாளர் இனி ஒரு பயணத்தைத் திட்டமிடுவதற்கு முன், கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரையின் காலத்தைப் பார்த்தே விமானச் சீட்டு எடுக்க வேண்டியுள்ளது.

நீண்டகாலத் திட்டமிடல் இன்னும் கடினம். எச்-1பி விசா முதலில் மூன்றாண்டுகளுக்கும், மொத்தம் ஆறாண்டுகளுக்கும் மட்டுமே. அதற்கு மேல் தங்க, கிரீன் கார்டுக்கான முதற்கட்ட நடைமுறையை நிறுவனம் ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும். நாடு ஒன்றுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால், வேலைவாய்ப்பு அடிப்படையிலான முக்கியப் பிரிவுகளில் இந்தியர்களுக்கு 2026 தொடக்கத்தில் 2013ஆம் ஆண்டில் விண்ணப்பித்தவர்களின் முறையே நடந்தது. இக்காத்திருப்பின் நடுவே வேலை போனால், புதிய நிறுவனத்தைக் கண்டறிய அதிகபட்சம் 60 நாள்களே அவகாசம். பிள்ளைகள் 21 வயதை எட்டினால் பெற்றோரைச் சார்ந்த தகுதியை இழப்பர்.

மாற்று வழிகள்

இந்நிலையில் நிறுவனங்களும் கணக்கை மாற்றிப் போடுகின்றன. நாஸ்காம் - சின்னோவ் அறிக்கையின்படி, 2024ஆம் நிதியாண்டில் இந்தியாவில் பன்னாட்டு நிறுவனங்களின் உலகளாவிய திறன் மையங்கள் 1,700க்கும் மேல் இருந்தன. அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் பணியாற்றினர். பொறியாளரை அமெரிக்காவுக்கு அழைப்பதைவிடப் பணியை பெங்களூருவுக்கோ சென்னைக்கோ அனுப்புவது மலிவு என்ற எண்ணத்தை 1 லட்சம் டாலர் கட்டணம் வலுப்படுத்துகிறது. இத்தகைய மையத்தில் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய மேலாளரோ சிறப்பறிவு கொண்ட பணியாளரோ, அதே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு எல்-1 விசாவில் செல்ல வழியுண்டு. அதற்கு ஆண்டு உச்சவரம்போ குலுக்கலோ 1 லட்சம் டாலர் கட்டணமோ இல்லை. ஆனால், அந்த விசாவில் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது.

பிற நாடுகளை நோக்கித் திரும்புவோருக்கும் திட்டமிடல் தேவைப்படுகிறது. பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டாக உயர்ந்தது. பெரும்பாலும் பட்டதாரி நிலைப் பணிகளுக்கே அது வழங்கப்படுகிறது. 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரர்களுக்கான ஆங்கிலத் தகுதியும் உயர்த்தப்பட்டுள்ளது. ஜெர்மனி, இந்தியத் திறன்மிகு பணியாளர்களுக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை 20,000இல் இருந்து 90,000ஆக உயர்த்துவதாக 2024இல் அறிவித்தது. ஆனால் பல பணிகளுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அவசியம். பிரிட்டனிலும் முதலில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் ஆதரவுச் சான்று வேண்டும். விண்ணப்பதாரரின் தகுதி அதற்குப் பிறகே பரிசீலிக்கப்படுகிறது.

அடுத்து என்ன?

மார்ச் 19ஆம் தேதி பதிவு முடிந்ததும் கவனிக்க வேண்டியவை இரண்டு. மொத்தப் பதிவுகள் எவ்வளவு குறைகின்றன என்பது முதலாவது. கட்டணம் நிறுவனங்களை எந்த அளவுக்குப் பின்வாங்கச் செய்துள்ளது என்பதை அது காட்டும். தேர்வானவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் மனு தாக்கலாகிறது என்பது இரண்டாவது. பதிவுக்கும் மனுவுக்கும் இடையிலான இடைவெளியில் எத்தனை பேர் கைவிடப்படுகிறார்கள் என்பது அதில் தெரியவரும்.

நிறுவனத்துக்கு இது ஒரு செலவுக் கணக்கு. தவறினால் அடுத்த ஆண்டு மீண்டும் பதிவு செய்யலாம், அல்லது பணியையே வேறு நாட்டுக்கு மாற்றலாம். பணியாளருக்கோ, வேலை, வாடகை வீடு, கல்விக் கடன் தவணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு முடிவைச் சுற்றியே நிற்கின்றன. விதிகள் ஓராண்டுக்குள் பலமுறை மாறியுள்ள சூழலில், அமெரிக்கா கிடைத்தால் என்ன செய்வது என்ற திட்டத்துடன், கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டத்தையும் மார்ச் மாதத்துக்கு முன்பே எழுதி வைத்திருப்பவர்தான், குலுக்கல் முடிவு எதுவாயினும் இழப்பின்றி அடுத்த அடியை எடுத்துவைக்க முடியும்.